வேலூர்க் கோட்டை யாருக்குச் சொந்தம்?

நாங்கள் கோட்டையைக் காணச் சென்றிருந்தபோது, அகழியோரம் நின்ற தோழி ஒருத்தி, "இதற்குச் சொந்தக்காரர் யார் டீச்சர்?" என்று கேட்டாள். "எந்த ஆண்டில்?" என்று டீச்சர் திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

விஜயநகரப் பேரரசுக்கு அடங்கிய சின்ன பொம்மி நாயக்கர் பதினாறாம் நூற்றாண்டில் எழுப்பிய கோட்டை இது. பின்னர் விஜயநகர மன்னர்களே இங்கு வந்து தங்கி அரசாண்டனர். 1614-இல் அரசுரிமைச் சண்டை மூண்டது. மன்னர் ஸ்ரீரங்கர் குடும்பத்தோடு சிறைப்பட்டு, இங்கேயே கொல்லப்பட்டார். ஒரு மகன் மட்டும் தப்பினான். சலவைத் தொழிலாளி ஒருவர் துணி மூட்டைக்குள் வைத்து அவனை வெளியே கொண்டுவந்தார் என்று அக்காலத்து இயேசு சபைக் குரு பர்ரதாஸ் எழுதியிருக்கிறார். அந்தச் சிறுவனே பின்னர் அரசன் இராமதேவன். இத்தனை பெரிய மதில் செய்யாததை ஒரு அழுக்குமூட்டை செய்துவிட்டது!

அடுத்து பீஜப்பூர் சுல்தானின் ஆட்கள் வந்தனர். நீண்ட முற்றுகைக்குப்பின் 1678-இல் மராட்டியர் கைப்பற்றினர். பிறகு மொகலாயர், அவர்களுக்குப்பின் ஆர்க்காட்டு நவாபின் உறவினர். 1742-இல் நவாப் சப்தர் அலியையே அவருடைய உறவினர் முர்தசா அலி இங்கு கொலை செய்வித்தார். அதன்பின் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1780 முதல் 1782 வரை ஹைதர் அலி முற்றுகையிட்டும் கோட்டை வீழவில்லை. மதில் தன் வேலையைச் சரிவரச் செய்தது இந்த ஒருமுறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவருடைய குடும்பத்தாரை ஆங்கிலேயர் இங்கே காவலில் வைத்தனர். 1806-இல் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை வந்தது. அதில் தோலால் ஆன சின்னம் இருந்தது. நெற்றிக்குறி இடவும் தாடி வளர்க்கவும் தடை வேறு. தோல் நமக்குச் சோறு போடும் பொருள். அந்தச் சிப்பாய்களுக்கோ அதைத் தலையில் சூடுவது மதத்தை இழப்பதாகப்பட்டது. ஜூலை 10 விடியுமுன் அவர்கள் எழுந்தனர். மைசூர்க் கொடி மதில்மேல் ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்த கில்லெஸ்பி அன்று காலையிலேயே கோட்டையை மீட்டார். சில மணி நேரத்தில் இருதரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். திப்புவின் புதல்வர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

காலியான சிறை வெகுநாள் காலியாக இருக்கவில்லை. 1815-இல் பிடிபட்ட கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அடுத்த ஆண்டு இங்கே கொண்டுவரப்பட்டார்.

இன்று கோட்டையைக் காப்பது இந்தியத் தொல்லியல் துறை. உள்ளே கோயிலும் மசூதியும் 1846-இல் கட்டிய புனித யோவான் தேவாலயமும் இருக்கின்றன. பல தலைமுறைகளாக மூலவர் இன்றிக் கிடந்த கோயிலில் 1981 மார்ச் 16 அன்று லிங்கத்தை வேலூர் மக்கள் மீண்டும் வைத்தனர்.

கண்டி அரசர் 1832-இல் காலமானார். கோட்டைக்கு வெளியே, பாலாற்றங்கரையில் அவரது கல்லறை இருக்கிறது.