நுண்ணோக்கியும் அதனைக் கையாளும் முறையும்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. தெளிந்த ஓடை நீரைக் கண்டதும் தூய்மையானது என்று எண்ணி விடுகின்றோம். ஆனால் நம் கண்ணின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. ஒரு மில்லிமீட்டரைப் பத்துக் கூறாக்கினால், அதில் ஒரு கூறினும் சிறிய பொருளை வெறுங்கண்ணால் காண்பது அரிது. அந்த எல்லைக்கு அப்பாலும் தீர விசாரிக்கத் துணைபுரியும் கருவியே நுண்ணோக்கி. இதனை மைக்ராஸ்கோப் என்றும் வழங்குவர்.

ஆங்கிலேயரான ராபர்ட் ஹூக் 1665ஆம் ஆண்டில், தக்கையின் மெல்லிய சீவலில் தாம் கண்ட சிற்றறைகளுக்குச் 'செல்' என்று பெயரிட்டார். ஹாலந்து நாட்டுத் துணி வணிகரான லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த வில்லைகளைக் கொண்டு நீர்த்துளியில் வாழும் நுண்ணுயிர்களைக் கண்டார்.

கருவியின் பாகங்கள்

1. அடித்தளமும் கைப்பிடியும்: அடித்தளம் கருவியை அசையாமல் நிறுத்துகிறது. வளைந்த கைப்பிடி கருவியைத் தூக்க உதவுகிறது.
2. கண்ணருகு வில்லை: நாம் கண் வைத்துப் பார்க்கும் வில்லை. பெரும்பாலும் 10 மடங்கு பெரிதாக்கும்.
3. பொருளருகு வில்லைகள்: சுழலும் வட்டத்தில் பொருத்தப்பட்டவை. 4, 10, 40 மடங்கு பெரிதாக்கும் மூன்று வில்லைகள் பள்ளிக் கருவிகளில் இருப்பது வழக்கம்.
4. மேடை: பொருளை வைக்கும் இடம். நடுவில் ஒளி புகும் துளையும், கண்ணாடித் தகட்டைப் பிடிக்கும் கவ்விகளும் உண்டு.
5. ஆடி: ஒளியைப் பொருளின்மீது திருப்பும் கண்ணாடி. சில கருவிகளில் இதற்குப் பதிலாக விளக்கு இருக்கும். மேடையின் அடியிலுள்ள ஒளித்தடுப்பு, ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படும்.
6. திருகுகள்: பெரிய திருகு விரைவாகவும், சிறிய திருகு மிக நுண்மையாகவும் இடைவெளியை மாற்றும்.

இரு வில்லைகளின் எண்களையும் பெருக்கினால் மொத்த உருப்பெருக்கம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 10 × 40 = 400 மடங்கு.

கையாளும் முறை

ஒரு கையால் கைப்பிடியைப் பற்றி, மறு கையால் அடித்தளத்தைத் தாங்கிக் கருவியைத் தூக்க வேண்டும். சன்னல் ஓரமாக மேசைமேல் வைத்து, ஆடியை வெளிச்சத்தின் பக்கம் திருப்ப வேண்டும். கதிரவனை நேராக நோக்கி ஆடியைத் திருப்பலாகாது, கண் பழுதாகும்.

எப்பொழுதும் மிகக் குறைந்த ஆற்றலுள்ள வில்லையிலிருந்தே தொடங்க வேண்டும். முதலில் பக்கவாட்டில் நின்று பார்த்தவாறே, வில்லையும் தகடும் ஏறக்குறைய நெருங்கும் வரை பெரிய திருகைத் திருப்புக. அதன் பின்னரே கண்ணருகு வில்லையில் கண் வைத்து, இடைவெளியை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே வருக. உருவம் தோன்றியதும் சிறிய திருகால் தெளிவாக்குக. இம்முறையை மாற்றி, கண் வைத்துக்கொண்டே இடைவெளியைக் குறைத்தால் வில்லை தகட்டில் மோதும். தகடு உடையும், வில்லையும் கீறிப் போகும். 40 மடங்கு வில்லை தகட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தொலைவில்தான் நிற்கும். ஆகையால் அவ்வில்லைக்கு மாறிய பின் பெரிய திருகைத் தொடவே கூடாது.

செய்து பார்க்க

நாளிதழிலிருந்து 'ப' என்னும் சிறு எழுத்தை வெட்டி வைத்துப் பாருங்கள். அதன் திறந்த வாய் கீழ்நோக்கித் தெரியும். தகட்டை இடப்புறம் தள்ளினால் உருவம் வலப்புறம் செல்லும். வில்லைகள் உருவத்தைத் தலைகீழாக்குவதே காரணம்.

அடுத்து, வெங்காயச் செதிலின் உட்புறத்திலுள்ள மெல்லிய தோலை உரித்து, ஒரு துளி நீரில் சுருக்கமின்றிப் பரப்புக. காயத்துக்கு இடும் அயோடின் ஒரு துளி சேர்த்து, மெல்லிய மூடுதகட்டைச் சாய்வாக இறக்குக. இவ்வாறு செய்தால் காற்றுக்குமிழி தங்காது. செங்கல் அடுக்கியதுபோன்ற உயிரணுக்களும், ஒவ்வொன்றினுள்ளும் புள்ளிபோன்ற உட்கருவும் காணலாம்.

தோட்ட வாழ்வும் நுண்ணோக்கியும்

பெற்றோர்களே, இக்கருவிக்கும் நமக்கும் தொடர்பு என்ன என்று கேட்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சலால் மாண்ட நம்மவர் பல்லாயிரவர். 'மலேரியா' என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் 'கெட்ட காற்று' என்பது பொருள். சதுப்பு நிலக் காற்றே நோய்க்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினர்.

1880இல் லாவரன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், அல்ஜீரியாவில் நோயாளியின் குருதியை நுண்ணோக்கியில் நோக்கி மலேரியாக் கிருமியைக் கண்டார். 1897இல் ரொனால்ட் ராஸ், இந்தியாவின் செகந்திராபாத்தில் கொசுவின் இரைப்பையில் அக்கிருமியைக் கண்டார். கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900இல் தோன்றியது. 1901இல் கிள்ளான் மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தார்.

ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டி வெளியாக்கியபின் காய்ச்சல் கூடியது! அங்கு நோய் பரப்பிய கொசு, அழுக்கு நீரை நாடாமல் வெயில் படும் தெளிந்த ஓடைகளிலேயே முட்டையிட்டது. கண் தூயது என்று சொன்ன நீரே எமனாயிற்று. இவ்வுண்மை தெரிந்த பிறகுதான் ஊற்று நீரை நிலத்தடிக் குழாய்களில் விடுவதும், ஓடைகளில் எண்ணெய் தெளிப்பதும் அத்தோட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. நீர்மேல் படியும் எண்ணெய், கொசுப்புழுக்களை மூச்சுவிட விடாது.

நெடுங்காலம் தொடர்ந்த இத்தகைய முயற்சிகளால், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018இல் இந்நாட்டினுள் ஒருவருக்கும் தொற்றியதாகப் பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து கொசுவழி வரும் வகை இன்னும் உண்டு. ஆதலால் காட்டோரம் வேலை செய்வோர் காய்ச்சல் கண்டால் குருதிச் சோதனைக்குத் தயங்கலாகாது. விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளிக் குருதிக்குச் சாயமேற்றி, 1,000 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் கிருமி புலப்படும்.

நுண்ணோக்கிக்கும் எல்லை உண்டு. டெங்கிக் கிருமி ஒளி நுண்ணோக்கிக்கும் புலப்படாத அளவு சிறியது. எனினும் அதைப் பரப்பும் கொசுவின் புழுவை நாம் வெறுங்கண்ணாலேயே காணலாம். பூச்சாடித் தட்டிலும், வாளியிலும், பழைய டயரிலும் தேங்கும் தெளிந்த நீரே அதன் தொட்டில். வாரந்தோறும் அதனைக் கவிழ்த்துக் கொட்டுவது மாணவர் ஒவ்வொருவரும் வீட்டில் ஏற்க வேண்டிய கடமையாகும். கண்ணுக்குத் தெரியாதது இல்லாதது ஆகாது என்பதே நுண்ணோக்கி நமக்குக் கற்பிக்கும் பாடம்.

பயிற்சி வினாக்கள்

1. கண்ணருகு வில்லை 10 மடங்கும் பொருளருகு வில்லை 4 மடங்கும் பெரிதாக்கினால் மொத்த உருப்பெருக்கம் எவ்வளவு?
2. கண் வைத்துப் பார்க்கும்பொழுது இடைவெளியைக் கூட்டிக்கொண்டே வருவது ஏன்?
3. மலைத் தோட்டங்களில் காட்டை வெட்டிய பின் காய்ச்சல் கூடியதன் காரணம் யாது?
4. உங்கள் வீட்டைச் சுற்றி நீர் தேங்கும் இடங்களைப் பட்டியலிடுக.