தணிக்கையாளருக்குத் தகுதி தந்தவர் யார்?

திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதாகும். எழுதுவோர் நீதியுடன் எழுதவேண்டும் என அது பணிக்கிறது. எழுதிய கணக்கை ஆராய்ந்து ஒப்பமிடுவோரின் தகுதியை உறுதிசெய்வது யார்? அதனையொட்டி நமக்கு எழும் வினா இது.

இந்தியாவில் 1913ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், தணிக்கையாளர்க்குச் சான்றிதழ் வழங்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளிடம் அளித்தது. சான்றிதழ் இருவகைப்பட்டது. ஒன்றைப் பெற்றவர் பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் பணிபுரியலாம். மற்றதைப் பெற்றவரோ அம்மாகாணத்தில் மட்டும், அதுவும் சான்றிதழில் குறிக்கப்பெற்ற மொழிகளில் மட்டுமே தணிக்கை செய்யலாம். தமிழ் பயிலும் நாம் இங்குச் சற்றே நின்று நோக்குதல் தகும். வணிகர் தம் பேரேட்டைத் தாய்மொழியில் எழுதியிருப்பின், அம்மொழி அறியாதார் இடும் ஒப்பத்தால் யாருக்கு என்ன பயன்? ஆயினும் 1920இல் இவ்வகைச் சான்றிதழ் நிறுத்தப்பட்டது.

1930களில் அதிகாரம் மாகாணங்களிடமிருந்து மைய அரசிடம் சென்றது. 1949இல் பட்டயக் கணக்காளர் சட்டம் பிறந்தபின், அத்தொழிலோரின் கழகமே தகுதி வழங்கவும் தவறியோரை விசாரிக்கவும் தலைப்பட்டது. தம்மவரைத் தாமே விசாரித்தல் எளிதன்று. சத்யம் நிறுவனத்தின் பொய்க்கணக்கு 2009இல் வெளிப்பட்டபோது, அதற்கு ஒப்பமிட்டு வந்த தணிக்கையாளர்களும் வினவப்பட்டனர். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையம் 2018இல் அமைக்கப்பட்டது. பங்குச்சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்களின் தணிக்கையாளர் தவறினால் விசாரிப்பது இன்று அவ்வாணையமே. தகுதி வழங்கும் பொறுப்பு மட்டும் கழகத்திடமே உள்ளது.