சண்டை போடாத போர்க்கப்பல்

பாய்மரப் போர்க்கப்பல் என்றதும் பீரங்கி, புகை, சண்டை இதெல்லாம்தான் நமக்கு ஞாபகம் வரும். நான் சொல்லப்போகும் கப்பல் பெரிய கடற்போர் எதிலும் சண்டை போட்டதே இல்லை. ஆனால் 1817-ல் தண்ணீரில் இறங்கிய அது இன்னும் மிதக்கிறது. பெயர் ‘டிரிங்கோமாலி’. இலங்கையின் திருகோணமலையைத்தான் வெள்ளைக்காரர்கள் அப்படிச் சொன்னார்கள்.

இதைக் கட்டியது இங்கிலாந்தில் இல்லை, நம்ம பம்பாயில் (இப்போது மும்பை). கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சிக்காரர். இங்கிலாந்திலிருந்து இதன் வரைபடம் ‘ஜாவா’ என்ற கப்பலில் வந்தது. 1812 டிசம்பரில் பிரேசில் பக்கத்துக் கடலில் ‘கான்ஸ்டிடியூஷன்’ என்ற அமெரிக்கக் கப்பல் ஜாவாவை அடித்து நொறுக்கிவிட்டது. வரைபடமும் போச்சு! மறுபடியும் ஒன்று அனுப்பினார்கள்.

இங்கிலாந்தில் கப்பல் கட்டுவது ஓக் மரத்தில். ஓக்கில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். ஆணி துருப்பிடித்தால் சுற்றியுள்ள மரமும் கெட்டுப்போகும். தேக்கில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. அது ஆணியையும் காப்பாற்றும், பூச்சியும் சீக்கிரம் அரிக்காது. டிரிங்கோமாலி முழுக்கத் தேக்கு.

1819-ல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது நெப்போலியன் போர் முடிந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வேலை இல்லை. 26 வருஷம் சும்மா நிறுத்தி வைத்துவிட்டார்கள், பாவம். பிறகு 38 பீரங்கியை 26 ஆகக் குறைத்து, 1847 முதல் மேற்கிந்தியத் தீவுகள் பக்கமும், 1852 முதல் 1857 வரை பசிபிக் கடலிலும் ஓட்டினார்கள். போர்க்கப்பலாகக் கடலோடியது இந்த இரண்டு தடவைதான்.

அதற்கப்புறம் ஹார்ட்டில்பூல் போன்ற துறைமுகங்களில் மாலுமிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் கப்பலானது. 1897-ல் உடைக்க விற்றேவிட்டார்கள். அதே வருஷம் வீட்லி காப் என்பவர் வைத்திருந்த ‘ஃபூட்ராயன்ட்’ என்ற பயிற்சிக் கப்பல் புயலில் சிக்கிக் கரையில் மோதி உடைந்தது. அதற்குப் பதிலாக இதை வாங்கி, அந்தப் பெயரையே இதற்கும் வைத்தார். 1986 வரை இதில் பிள்ளைகள் கப்பல் வேலை கற்றுக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் அதுதான் இதோட உண்மையான சர்வீஸ். சண்டைக்குப் போயிருந்தால் இத்தனை வருஷம் இருந்திருக்குமா?

1987-ல் மறுபடியும் ஹார்ட்டில்பூலுக்கே கொண்டுபோனார்கள். பழுது பார்க்கும் வேலையை 2001-ல் முடித்தார்கள். நடுவில் 1992-ல் பழைய பெயரும் திரும்பக் கிடைத்தது. பாதிக்கு மேல் அதே பம்பாய்த் தேக்குதான். பிரிட்டனில் இன்னும் மிதக்கும் போர்க்கப்பல்களில் இதுதான் ரொம்பப் பழசு.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். வரைபடத்தோடு ஜாவாவை ஒழித்த அந்தக் கான்ஸ்டிடியூஷனும் அமெரிக்காவில் பாஸ்டன் துறைமுகத்தில் இன்னும் மிதக்கிறது. அது 1797-ல் இறங்கியது, இதற்கு 20 வயசு மூத்தது.