பழைய சைடுபோர்டு: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

சாப்பாட்டு அறைச் சுவரோரம் இடுப்பு உயரத்தில் நீளமாக நிற்கும் மர அலமாரிதான் சைடுபோர்டு. மேற்பலகையில் பரிமாறும் பாத்திரங்கள், டிராயரில் கரண்டிகள், கீழே கதவுக்குள் தட்டுகள், மேசைத் துணிகள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் இன்றைய உருவத்தைப் பெற்ற இந்தச் சாமான், வெள்ளைக்காரர்களின் வீடுகள் வழியாக நம் ஊருக்கு வந்தது. இங்கே பர்மா தேக்கிலும் ஈட்டியிலும் நம் ஆசாரிகள் அதைச் செய்தார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போனால், பழைய வீடுகளிலிருந்து வந்த மரச் சாமான்களை இன்றும் பார்க்கலாம். அப்படி ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கும், தாத்தா காலத்துச் சைடுபோர்டு வீட்டிலேயே இருப்பவர்களுக்கும் சில குறிப்புகள்.

1. கடைக்குப் போகும் முன் வீட்டை அளந்துகொள்ளுங்கள். சாப்பாட்டு மேசைக்கும் சைடுபோர்டுக்கும் நடுவே 3 அடியாவது வேண்டும். ஒருவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்திருக்கும்போதும் டிராயரைத் திறக்க முடிய வேண்டுமே! லிஃப்ட், மாடிப்படித் திருப்பம், வாசல் கதவு இவற்றின் அளவும் கையில் இருக்கட்டும். கண்ணாடி வைத்த உயரமான சைடுபோர்டு என்றால், மேல்பகுதி தனியாகக் கழன்று வருமா என்று கேட்டுவிடுங்கள்.

2. முன்பக்கத்தைக் கடைக்காரர் பளபளப்பாக்கித்தான் வைத்திருப்பார். நீங்கள் பின்பக்கத்தைப் பாருங்கள். ப்ளைவுட் பலகை அடித்திருந்தால், ஒன்று அந்தச் சாமான் 20-ஆம் நூற்றாண்டில் செய்தது, இல்லை பிற்பாடு பழுது பார்த்தது. திருகாணிகளையும் கவனியுங்கள். பிளஸ் குறி போட்ட திருகாணி பரவலாகப் புழங்கத் தொடங்கியதே 1930-களில்தான். ஓரிரண்டு இருந்தால் பழுது பார்த்தபோது போட்டதாக இருக்கலாம். எல்லாமே அந்த வகை என்றால், ‘நூறு வருடப் பொருள்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

அடுத்து, ஒரு டிராயரை முழுவதுமாக வெளியே எடுங்கள். பலகைகள் ஒன்றையொன்று கவ்வும் மூலையில், விசிறிபோல விரியும் பற்கள் தெரியும். கையால் அறுத்தவை என்றால் பற்களின் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எந்திரத்தில் வெட்டியவை அச்சு மாறாமல் ஒரே அளவில் இருக்கும். பழைய தச்சர்கள் டிராயரின் உட்பக்கத்துக்குப் பெரும்பாலும் பாலிஷ் போடுவதில்லை. உள்ளேயும் ஒரே சீராக வண்ணம் ஏற்றியிருந்தால் காரணம் கேளுங்கள். கைப்பிடிக்குப் பின்னால் அடைத்த பழைய துளைகள் தெரிந்தால் கைப்பிடி மாற்றப்பட்டிருக்கிறது. விலையைக் குறைத்துக் கேட்க அதுவே போதும்.

3. முழு மரமா, மேலே மெல்லிய மரத்தகடு ஒட்டியதா என்பதை மேற்பலகையின் ஓரத்தில் பார்த்தால் தெரியும். முழு மரத்தில், மேலே ஓடும் ரேகை ஓரத்திலும் தொடரும். தகடு ஒட்டியது என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. 1950, 60-களின் பெயர்பெற்ற டேனிஷ் தேக்குச் சைடுபோர்டுகளில் பெரும்பாலானவை அப்படிச் செய்தவைதான். ஆனால் அதன் மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. தகடு தேய்ந்து அடிமரம் தெரிந்துவிட்டால் சரிசெய்வது கடினம்.

4. சிறு துளைகளைக் கண்டால் பயந்துவிடாதீர்கள், அசட்டையாகவும் விடாதீர்கள். அடியில் கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் விடுங்கள். மாவு போன்ற தூள் புதிதாக விழுந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது; பூச்சி ஒழிப்பவரை அழையுங்கள். தூள் விழாவிட்டால் அநேகமாகப் பழைய துளைதான், சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் தொடாது. ஆனால் முன்பக்கம் தேக்காக இருந்தாலும், பின்பலகையும் டிராயரின் அடிப்பலகையும் மலிவு மரமாக இருப்பது உண்டு. அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது பாலிஷையும் கெடுக்கும், தீ விபத்துக்கும் வழி.

5. பழைய பாலிஷைக் காப்பாற்றுங்கள். இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். பல தலைமுறைக் கைகள் பட்டு வந்த அந்த நிறத்தை எந்தப் புது டின்னும் தராது. எந்திரத்தை வைத்து ஒரே நாளில் ‘புதுசு போல’ ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் சாமானைக் கொடுக்காதீர்கள்.

பழைய பாலிஷ் பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது. தெரிந்துகொள்ள, மறைவான ஒரு மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை மெல்லத் தொடுங்கள். பிசுபிசுத்தால் அரக்குதான். அந்த அரக்குக்குச் சூடும் ஈரமும் ஆகாது. சூடான குக்கரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். சானிடைசர், வாசனைத் திரவியம் சிந்தினாலும் கரைந்துபோகும். சூடான பாத்திரத்துக்கு அடியில் பிரிமனை அல்லது தடித்த மரப்பலகை வையுங்கள். லேசான வெள்ளை வளையம் சில நாளில் தானே மங்குவதும் உண்டு; மங்காவிட்டால் பாலிஷ் வேலை தெரிந்தவரைக் கொண்டு அந்த இடத்தை மட்டும் தொடச் சொல்லுங்கள்.

தினமும் காய்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். வருடத்துக்கு ஒருமுறை தேன்மெழுகு பாலிஷ் மெல்லிசாகத் தடவலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம்; அது காயாமல் நின்று தூசியைப் பிடித்து வைக்கும்.

6. மேற்பலகை பளிங்காக இருந்தால் புளி, எலுமிச்சை, தயிர் மூன்றுமே பகை. ரசம் சிந்திய இடத்தை உடனே துடைக்காவிட்டால் அமிலம் பளிங்கை அரித்து மங்கல் திட்டாக்கிவிடும். மஞ்சள் கறையும் உள்ளே இறங்கும். பரிமாறும் பாத்திரங்களை ஒரு தட்டில் வைத்தே மேலே வையுங்கள்.

7. பித்தளைக் கைப்பிடிக்குப் புளி போட்டுத் தேய்க்க ஆசை வரும். குத்துவிளக்குக்குச் சரி, மரத்தில் பதித்த கைப்பிடிக்குச் சரியில்லை. புளித்தண்ணீர் மரத்தில் இறங்கிக் கறையாகும். காய்ந்த துணியால் துடையுங்கள். ஓரங்களில் நிற்கும் கறுப்பு அப்படியே இருக்கட்டும், அதுவும் அழகுதான்.

8. ஐப்பசி, கார்த்திகை மழையில் டிராயர் இறுகிக்கொண்டால் உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள். மரம் ஈரத்தில் உப்பியிருக்கிறது, அவ்வளவுதான். அப்போது சீவினால் கோடையில் டிராயர் ஆடும். டிராயர் ஓடும் கட்டையில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டுத் தை, மாசி வரை பொறுங்கள். பக்கப் பலகையில் கோடையில் விரியும் சிறு பிளவும் இதே கதைதான். அதில் மக்கு அடைத்தால் மழைக்காலத்தில் மரம் விரிய இடமில்லாமல் போகும்.

9. தரை துடைக்கும் தண்ணீரால் கால்கள் அடியிலிருந்து மக்கும். ஒவ்வொரு காலுக்கும் கீழே சிறிய கருங்கல் துண்டு வைத்து உயர்த்துங்கள். சுவரிலிருந்தும் இரண்டு விரல் தள்ளி நிறுத்துங்கள்.

10. வெள்ளிக் கரண்டிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்காதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். சாப்பாட்டுப் பாத்திரம் வைக்கும் இடத்தில் அந்துருண்டையும் கூடாது.

11. கண்ணாடி வைத்த சைடுபோர்டை இரும்புப் பட்டை கொண்டு சுவரோடு பிணைத்துவிடுங்கள். குழந்தைகள் டிராயரைப் பிடித்து ஏறுவார்கள். கண்ணாடியைத் துடைக்கும் திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். நேராக அடித்தால் ஓரம் வழியே பின்னால் இறங்கி ரசப்பூச்சு கறுக்கும்.

12. பழைய பெயின்ட் அடித்த சாமானை வீட்டுக்குள் வைத்துச் சுரண்ட வேண்டாம். அதில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் குழந்தைகளுக்கு நஞ்சு.

13. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்ப ஆசையா? 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் பெறுங்கள். ஈட்டி மரம் என்றால் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடும் உண்டு.

14. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது, இடமில்லை என்று சைடுபோர்டை அவசரத்தில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சித்தப்பா வீட்டிலோ அத்தை வீட்டிலோ அதற்கு இடம் இருக்கலாம். விற்கும் முன் உறவுக்குள் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.