எங்கிருந்து வந்தது? – ஆறு போகும் வழி

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகன், சித்திரை மாதம் எங்களை வரவழைத்து அங்குள்ள பழைய ஊர்களைக் காரிலேயே சுற்றிக்காட்டப் போகிறானாம். இந்தக் கார்ப் பயணத்தை முதலில் தொடங்கிவைத்தவர் யார்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஒரு பெண். அதுவும் நீங்கள் போகும் நாட்டுக்காரர். மோட்டார் வண்டியை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு வண்டியைக் கிளப்பிவிட்டார். மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பெட்ரோல் பங்க் ஏது? வழியில் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில், துணிக்கறை போக்க விற்ற லிக்ரோயினை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். போய்ச் சேர்ந்த இடம்? தாய் வீடு!

பழைய ஊர்களைக் கோத்த வழி என்றால், வூர்ட்ஸ்பர்க்கிலிருந்து ஃபூஸன் வரை போகும் 'ரொமான்டிக் சாலை' அங்கே பிரபலம். 1950இல் வைத்த பெயர். ரோதன்பர்க், டிங்கல்ஸ்பூல், நோர்ட்லிங்கன் எல்லாம் அதில் வரும். புதிதாகச் சாலை போடவில்லை. இருந்த சாலைகளைச் சேர்த்துப் பெயர் சூட்டினார்கள், அவ்வளவுதான். நோர்ட்லிங்கனில் கோட்டை மதில் மேலேயே ஊரை முழுக்கச் சுற்றி நடக்கலாம். முழங்கால் ஒத்துழைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: அப்படி ஊர்களைக் கோத்துப் பார்க்கும் வழக்கம் நம் பக்கம் உண்டா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நீங்கள் குடியிருப்பதே அப்படிப்பட்ட ஒரு வழியில்தான். அகத்தியரின் சீடர் உரோமசர் தாமிரபரணியில் ஒன்பது மலர்களை மிதக்கவிட்டார். அவை ஒதுங்கிய இடங்களில் சிவனை வழிபட்டார் என்பது தலபுராணம். பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம். இவைதாம் நவகைலாயம். வரிசையைக் கவனியுங்கள்: மலையடிவாரத்தில் தொடங்கி, கடலுக்குப் பக்கத்தில் முடிகிறது. பயணத் திட்டத்தைப் போட்டது ஆறு!

வைணவர்களுக்கு ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில் நவதிருப்பதி. கோவில் ஒன்பது, ஊர் எட்டு. தொலைவில்லிமங்கலத்தில் மட்டும் இரண்டு. அதனால்தான் அதை 'இரட்டைத் திருப்பதி' என்கிறோம். புரட்டாசி சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்கும், மார்கழி ஞாயிறுகளில் நவகைலாயத்துக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகமே சிறப்புப் பேருந்து விடுகிறது. விடியலில் ஏறினால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

கேள்வி: வரைபடமும் வழிகாட்டி நூலும் இல்லாத காலத்தில் வழி சொன்னது யார்? பொருநராற்றுப்படை நம் பொருநை ஆற்றைப் பற்றியதா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில்: இல்லை. பொருநர் என்பவர் ஒருவகைக் கலைஞர். அந்தப் பாட்டின் தலைவன் கரிகாலன். தாமிரபரணியின் இன்னொரு பெயரான பொருநைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

'ஆறு' என்றால் பழந்தமிழில் வழி என்றும் பொருள். ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துவது. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வருகிறவனுக்கு "இன்ன வழியே போ, இன்னாரைப் பார்" என்று சொல்வது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு இந்த வகை. சிறுபாணாற்றுப்படை வழியில் கிடைக்கும் சாப்பாட்டைக்கூடச் சொல்லிவிடுகிறது: எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் சூடான புளிச்சோறு, ஆமூரில் நண்டோடு வெண்சோறு. இன்றைய வழிகாட்டி நூல்களும் இதைத்தானே செய்கின்றன? மனக்குழப்பத்தில் இருப்பவருக்குத் தரும் ஆலோசனையை இன்று 'ஆற்றுப்படுத்துதல்' என்பதும் இந்த ஆறுதான்.

வழியில் சாப்பிடக் கட்டிக்கொண்டு போகும் சோற்றுக்குப் பழைய பெயர் ஆற்றுணா, அதாவது வழி உணவு. அதுவே பின்னால் கட்டுச்சோறு ஆனது. இலையில் புளியோதரையை மடித்துக் கட்டும்போது இந்தச் சொல்லையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் பாலம் வந்தது எப்போது?
– வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: 1843இல். அதுவரை தாமிரபரணியைக் கடக்கப் படகுதான், வெள்ளம் வந்தால் இந்தக் கரை இந்தக் கரைதான், அந்தக் கரை அந்தக் கரைதான். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் வேலை பார்த்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டவைத்தார். வரைபடம் போட்டவர் ஹார்ஸ்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர். அந்தப் பாலத்தின் மேல் இன்றும் பஸ் ஓடுகிறது.

கடைசியாகப் பாளையங்கோட்டை வாசகிக்கு ஒரு வார்த்தை. 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்ற ஆய்வாளர், ஆதிச்சநல்லூரின் பழைய இடுகாட்டுப் பறம்பைத் தோண்டி, கிடைத்த பானைகளையும் இரும்புக் கருவிகளையும் பெர்லினுக்கே கொண்டுபோய்விட்டார். நம் ஊர்ப் பொருளைத் தேடி அவர்கள் முன்பே வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன் திருச்செந்தூர் சாலையில் ஒரு காலைப்பொழுது போய் ஆதிச்சநல்லூரைப் பார்த்துவிடுங்கள். முதுமக்கள் தாழிகளைத் தோண்டிய குழியிலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சித்திரை வெயில் சும்மா விடாது. பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள்.