மூங்கிலில் பின்னல் ஊசி செய்வோம்

மலைநாட்டுக் குளிருக்குப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை வேணும். நூலுக்கே காசு தேடும்போது ஊசிக்கும் செலவு எதற்கு? நாமே செய்யலாம்.

மூன்று வயது தாண்டிய முற்றின மூங்கிலில் ஒன்று போதும். இளங்குருத்தை வெட்டாதீங்க; அதுதான் நாளைய மூங்கில். ஓடைக்கரைப் புதரை அழித்தால் கரை மண் சரியும். தோட்டத்து மூங்கில் என்றால் அனுமதி கேட்டே வெட்டணும்.

1. இரு கணுவுக்கு இடைப்பட்ட துண்டை நேராகப் பிளந்து, நிழலில் மூன்று வாரம் காயவிடுங்கள். பச்சையாகச் சீவினால் பிறகு வளையும்.

2. மூங்கிலின் வெளிப்பக்கமே கெட்டி. ஆகவே உள்பக்கத்தையே கூடுதலாகச் சீவுங்கள். கத்தி உடம்பை விட்டு விலகியே ஓடட்டும்.

3. தகரத்தில் 4 மில்லிமீட்டர் துளை போட்டு, ஊசியை அதில் நுழைத்துப் பாருங்கள். ஊசியின் பருமன் மாறினால் கண்ணியும் சிறிசு பெரிசாகும்.

4. நுனியைப் பென்சில் போலச் சீவி, முனையை மழுக்குங்கள். சாண்ட் பேப்பரால் தேய்த்து, மெழுகுதிரி பூசித் துடையுங்கள்.

5. மறுமுனையில் ஒரு மணியை ஒட்டினால் கண்ணி கழன்று விழாது.

கடைசியாக, பழைய நைலோன் துணிமேல் ஊசியை இழுத்துப் பாருங்கள். எங்காவது சிக்கினால் சிறாம்பு இருக்கு; இன்னும் தேய்க்கணும். சிறாம்பு நூலையும் அறுக்கும், விரலையும் குத்தும்.