வெறும் பாக்குதானே?

வாய்ப் புண்ணுடன் வருபவரிடம் நாங்கள் முதலில் கேட்பது புகையிலைப் பழக்கம் உண்டா என்பதே. "இல்லை" என்ற பதிலுடன் கேள்வி முடிந்துவிடுவதில்லை. "வெற்றிலை பாக்கு?" என்று தொடர்ந்து கேட்டால், "அது உண்டு, ஆனால் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதானே" என்பார்கள். சொல்பவர் எதையும் மறைக்கவில்லை. பாக்கைத் தீய பழக்கங்களின் கணக்கில் அவர் சேர்த்ததே இல்லை, அவ்வளவுதான்.

புற்றுநோய்களில் ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காடு வரை தடுக்கக்கூடியவை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. உணவு, உடல் எடை, உடற்பயிற்சி, தடுப்பூசி, மது, புகை எனத் தடுப்பு வழிகள் பல உள்ளன. அனைத்தையும் ஒரே கட்டுரையில் சொன்னால் எதுவும் மனத்தில் நிற்பதில்லை. ஆகவே இம்முறை வாயை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். வாயில் தோன்றும் கேடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிறது. அதன் முதன்மைக் காரணங்களும் தெளிவாக அறியப்பட்டுள்ளன. நம் வீடுகளில் அக்காரணங்களுள் ஒன்று பூசைத் தட்டிலேயே இருக்கிறது.

"வெறும் பாக்கு" என்னும் நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் மருத்துவ உலகமும் இடமளித்திருந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்று அறிவித்தது. புகையிலை சேராத தாம்பூலத்தைப் பற்றி முடிவு கூறப் போதிய சான்று இல்லை என்றது. பின்னர் சான்றுகள் சேர்ந்தன. குறிப்பாகத் தைவானில் பாக்கு மெல்லுவோர் பொதுவாகப் புகையிலை சேர்ப்பதில்லை. ஆயினும் அங்கே வாய்ப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது. 2004இல் வெளியான மதிப்பீட்டில் அதே முகமை புகையிலை சேராத தாம்பூலத்தையும், பாக்கைத் தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என முதல் வகையில் சேர்த்தது. புகையிலையும் மதுவும் அவ்வகையிலேயே உள்ளன. பழைய தீர்ப்பு மக்கள் நினைவில் தங்கிவிட்டது. புதிய தீர்ப்பு இன்னும் போதிய அளவு பரவவில்லை.

பாக்கு செய்யும் கேடு மெதுவானது. அதிலுள்ள அரிகோலின் என்னும் பொருள் சற்றே கிளர்ச்சி தருவது. பழக்கத்துக்கு அடிமைப்படுத்துவதும் அதுவே. சுண்ணாம்பு சேரும்போது பாக்கின் வேதிப்பொருள்கள் எளிதில் வெளிப்படுகின்றன. வாயின் மெல்லிய தோலும் அரிக்கப்படுகிறது. அரிகோலினிலிருந்து உமிழ்நீரில் நைட்ரோசமைன் என்னும் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்கள் உருவாகின்றன. இன்னொரு புறம், கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்கள் மிகையாக உற்பத்தியாகி, கரைய வேண்டியவை கரையாமல் தங்கிவிடுகின்றன. மென்மையாக இருந்த கன்னம் நாளடைவில் தோல்பட்டைபோல் விறைக்கிறது. மருத்துவத்தில் இதனைச் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்கிறோம். இதற்கு முதற்காரணம் பாக்கே.

இந்நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் காரம் தாங்காமை. சாம்பாரும் ரசமும் எரிகின்றன. உடனே வீட்டில் மிளகாயைக் குறைக்கிறார்கள். சிலர் தயிர்ச்சோற்றுக்கே மாறிவிடுகிறார்கள். பாக்கு மட்டும் தொடர்கிறது! அடுத்து வாய் திறப்பது குறைகிறது. உங்கள் கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள். வளர்ந்தவர்களுக்கு மூன்றும் பொதுவாக நுழையும். இரண்டுதான் நுழைகிறது என்றால் மருத்துவரைக் காண வேண்டும். விறைத்துவிட்ட கன்னம் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவது அரிது. பாக்கை நிறுத்தினால் நோய் மேலும் முற்றாமல் காக்கலாம். இந்நிலையில் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் தோன்றுகிறது என்பதால், பழக்கத்தை விட்ட பிறகும் அவர்களைத் தொடர்ந்து பார்க்கிறோம்.

வெற்றிலை என்னும் இலையின் மீது எங்களுக்கு வழக்கு இல்லை. மங்கல நிகழ்ச்சியில் தாம்பூலம் வைப்பதை நிறுத்தச் சொல்லவும் இல்லை. தட்டில் வைப்பது மரபு. நாள்தோறும் கன்னத்தில் அடக்கி வைப்பது வேறு. ஆனால் திருமண வீட்டில் தரும் பைக்குள் இருக்கும் வாசனைப் பாக்குப் பொட்டலத்தைக் குழந்தைகள் மிட்டாய் போல் பிரித்துத் தின்பதைக் காணும்போது கவலையாக இருக்கிறது. இனிப்பும் மணமும் பூசப்பட்டாலும் பாக்கு பாக்குதான். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா உள்ளிட்ட புகையிலை கலந்த மெல்லும் பொருள்களுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. சாதாரணப் பாக்குப் பொட்டலங்களோ பெட்டிக்கடையில் தொங்குகின்றன. "புகையிலை அற்றது" என்று அச்சிடப்பட்ட பான் மசாலாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்; அங்கே பாக்கின் பெயர் இருக்கும்.

புகையிலை சேரும்போது ஆபத்து மேலும் உயர்கிறது. 2016-17இல் நடந்த தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 21.4 விழுக்காட்டினர் புகையற்ற புகையிலையைப் பயன்படுத்தினர், புகைப்பவர்கள் 10.7 விழுக்காட்டினர். அதாவது பீடி, சிகரெட்டை விட மெல்லுவதும் அடக்குவதுமே இங்கு பெரிய பழக்கம். பாட்டிமார்களின் சுருக்குப்பையையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். இவற்றுடன் மதுவும் இருந்தால் கேடு கூடுவதோடு நில்லாமல் பெருகுகிறது.

கண்ணாடி முன் இரண்டு நிமிடம்

பழக்கம் உள்ளவர்களும், விட்டுவிட்டவர்களும், மாதம் ஒருமுறை தம் வாயைத் தாமே பார்க்க வேண்டும். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். வாயைக் கொப்பளித்து, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். உதடுகளின் உட்புறம், இரு கன்னங்கள், ஈறு, அண்ணம் ஆகியவற்றைப் பார்த்தபின் நாக்கை நீட்டி, இடமும் வலமும் வளைத்து அதன் ஓரங்களைப் பாருங்கள். நாக்கைத் தூக்கி அதன் அடியையும் பாருங்கள். பாக்கையோ புகையிலையையோ வழக்கமாக அடக்கும் இடத்தைத் தனியாகக் கவனியுங்கள். நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், வெல்வெட் துணிபோன்ற சிவப்புத் திட்டு, தடிப்பு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் வாருங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தொடக்க நிலைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத புண்ணை மக்கள் மன்னித்துவிடுகிறார்கள்.

பார்ப்பதால் மட்டும் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குத் திருவனந்தபுரத்தில் விடை உண்டு. அங்கே பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். 2005இல் வெளியான முடிவுகளின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு, சோதனை நடைபெறாத பகுதிகளை விட 34 விழுக்காடு குறைந்திருந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

விடுவது எப்படி?

"நாளை முதல் விட்டுவிடுகிறேன்" என்ற உறுதியை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அதை மட்டும் நம்புவதில்லை. புகையிலையை விட்டபின் முதல் வாரம் கடினமானது. எரிச்சல், தூக்கமின்மை, கவனக்குறைவு தோன்றும். சில வாரங்களில் தணியும். ஆசை எழும் வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களில் குறைந்துவிடும். அந்நேரத்தைத் தண்ணீர், ஏலக்காய், சிறு நடை என்று எதைக் கொண்டாவது கடத்த வேண்டும். நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை போன்ற மருந்துகளும் உண்டு. எவருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800 11 2356, கட்டணம் இல்லை.

பழக்கத்தின் பின்னால் வேறொரு தொல்லை ஒளிந்திருப்பதும் உண்டு. காலையில் புகையிலை போட்டால்தான் மலம் கழியும் என்பார் ஒருவர். பல்வலிக்கு மருந்தாக அடக்கத் தொடங்கியதாகச் சொல்வார் மற்றொருவர். மலச்சிக்கலுக்கும் சொத்தைப் பல்லுக்கும் முறையான சிகிச்சை தந்தால் பழக்கத்தின் பிடி தளர்கிறது. ஆகவே ஏன் போடுகிறீர்கள் என்பதையும் எங்களிடம் சொல்லுங்கள்.

நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் ஒரு சொல். ஏற்கெனவே வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர், "வந்தது வந்துவிட்டது, இனி விட்டு என்ன" என்று கேட்கக்கூடும். பயன் உண்டு. புகையிலையை நிறுத்தியவருக்கு அறுவைப் புண் நன்றாக ஆறுகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சையின் தொல்லைகள் குறைகின்றன. மேலும், பல ஆண்டுகள் ஒரே நஞ்சில் ஊறிய வாயில் நோய் தோன்றிய இடம் மட்டுமே கெட்டிருப்பதில்லை. இரண்டாவது புற்றுநோய் வேறோர் இடத்தில் முளைக்கக்கூடும். அந்த வாய்ப்பைக் குறைக்கவும் நிறுத்துவதே வழி. அவர் நிறுத்த வேண்டுமானால் வீட்டில் வெற்றிலைப் பெட்டி கண்ணில் படக்கூடாது. அருகில் அமர்ந்திருக்கும் மகனோ தம்பியோ மெல்லவும் கூடாது.

அவரைக் குற்றவாளியாக்கவும் வேண்டாம். எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கும் வாய்ப் புற்றுநோய் வருவதை நாங்கள் பார்க்கிறோம். பழக்கம் இருந்தவரோ, பெரும்பாலும் பெரியவர்கள் கையால் கொடுத்ததைச் சிறு வயதில் வாங்கிக்கொண்டவர். "அன்றே சொன்னேனே" என்ற சொல் எந்தப் புண்ணையும் ஆற்றுவதில்லை. அடுத்த பொட்டலத்தை ஒளித்து வைக்கவே அது கற்பிக்கும்.

வாய்ச் சோதனைக்கு வரும்போது நீங்கள் பயன்படுத்தும் பொட்டலத்தையும் கையோடு கொண்டுவாருங்கள். எத்தனை ஆண்டுகளாக, நாளுக்கு எத்தனை முறை, எந்தக் கன்னத்தில் என்பதை ஒரு தாளில் குறித்து வைத்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும். பொட்டலத்தைப் பார்த்து இங்கே எவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.